களம் ஒன்று, கருவி வேறு!

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் (இயற்பியல்)



கல்லூரி ஆண்டு மலரில் கைப்பேசி விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று புருவம் உயர்த்துவோர் உண்டு என்பதை நான் அறிவேன். ஆனால் மதிய உணவு இடைவேளையில் நம் வேப்பமரத்தடியில் தலை குனிந்து அமர்ந்திருப்போரைச் சற்றுப் பாருங்கள். பாதிப்பேர் படித்துக்கொண்டிருக்கவில்லை, சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்! விளையாடலாமா, கூடாதா என்ற பட்டிமன்றத்திற்கு நான் வரவில்லை. அதைப் பெரியோர் பலமுறை நடத்திவிட்டனர். என் கேள்வி வேறு. விளையாடுவது என்று ஆனபின், அந்த ஆட்டம் நியாயமாக நடக்கிறதா என்பதே அது.

என் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சென்ற ஆண்டுப் பொங்கலுக்கு, வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் வழக்கம்போல் விளையாட்டு விழா நடந்தது. உறியடி, மெதுவாக மிதிவண்டி ஓட்டுதல், இசை நாற்காலி ஆகியவற்றோடு இளைஞர்கள் நாங்கள் கெஞ்சிக் கூத்தாடிப் புதிதாக ஒன்றைச் சேர்த்தோம். கைப்பேசியில் ஒருவரை ஒருவர் சுட்டு வீழ்த்தும் விளையாட்டில் ஒற்றைக்கு ஒற்றைப் போட்டி. அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம். வென்றவருக்கு ஓர் எவர்சில்வர் தூக்குவாளி பரிசு.

அப்போது என் கைப்பேசியின் திரை உடைந்து கிடந்தது. ஆகவே என் அக்காள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கையில் அரசு வழங்கிய மடிக்கணினியை எடுத்தேன். கைப்பேசி விளையாட்டைக் கணிப்பொறியில் ஓடச்செய்யும் மென்பொருள் உண்டு, எமுலேட்டர் என்பார்கள். அதை ஏற்றி, மவுஸும் விசைப்பலகையும் கொண்டு ஆடினேன். எதிரே ஆடியவர்கள் எல்லோரும் கட்டைவிரலால் ஆடியவர்கள். நான் எவரிடமும் சொல்லவில்லை. எவரும் என்னைக் கேட்கவுமில்லை. வரிசையாக வென்றேன். இறுதிப் போட்டியில் என்னிடம் தோற்றவன் பத்தாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி. அவன் ஆடியது தன் தாயாரின் கீறல் விழுந்த கைப்பேசியில்.

மறுநாள் அவன் எங்கள் வீட்டிற்கே வந்தான். "அண்ணே, எப்படிண்ணே அம்புட்டு வெரசாத் திரும்புனீங்க? எனக்கும் சொல்லிக்குடுங்கண்ணே" என்றான். அவன் முகத்தில் பொறாமை இல்லை. கற்றுக்கொள்ளும் ஆவலே இருந்தது. அடுத்த நொடி அவன் பார்வை மேசைமேல் விழுந்தது. மடிக்கணினி, அதன் பக்கத்தில் மவுஸ். "ஓ... மவுஸாண்ணே" என்று மட்டும் சொன்னான். சிறிது நேரம் வேறு எதையோ பேசிவிட்டுப் போய்விட்டான்.

அவன் சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது வாதாடியிருப்பேன். அவன் ஒன்றும் சொல்லாமல் போனதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. நான் எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் நான் வென்றேனா? அல்லது என் மேசைமேல் கிடந்த மவுஸ் வென்றதா?

உலகம் முழுவதும் உள்ள வழக்கு

என் தெருவில் எழுந்த இந்தக் கேள்வி, கணிப்பொறி விளையாட்டு உலகில் இருபத்தைந்து ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருவது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். வெவ்வேறு இயந்திரங்களில் ஆடுவோரை ஒரே களத்தில் இறக்கிவிடுவதற்குக் கிராஸ்பிளே என்று பெயர். நான் அதைக் 'கலந்தாட்டம்' என்று சொல்லிக்கொள்கிறேன்.

மேலை நாடுகளில் இவ்வழக்கின் இரு தரப்பினர் கணிப்பொறிக்காரரும் கன்சோல்காரரும் ஆவர். கன்சோல் என்பது தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டி. அதை இரு கைகளில் அடங்கும் ஒரு கைப்பிடியால் இயக்குவர். கைப்பிடியில் கட்டைவிரலால் சாய்க்கும் சிறு குச்சிகள் இரண்டு இருக்கும். 2000 ஆம் ஆண்டிலேயே 'குவேக் 3 அரீனா' என்னும் சுடும் விளையாட்டில், செகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் பெட்டியில் ஆடுவோர் கணிப்பொறிக்காரரோடு மோத முடிந்தது. 2007 இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட 'ஷேடோரன்' எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிக்காரரையும் விண்டோஸ் விஸ்டா கணிப்பொறிக்காரரையும் ஒன்று சேர்த்தது. பின் பல ஆண்டுகள் அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே கிடந்தது. 2018 செப்டம்பரில் சோனி நிறுவனம் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டுக்காகத் தன் பிளேஸ்டேஷன் கதவைத் திறந்துவிட்டது. 2019 இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்' முதல் நாளிலிருந்தே கலந்தாட்டத்தோடு வந்தது. இன்று அது புதுமையே அன்று.

இதனால் நன்மை இல்லாமலில்லை. ஒருவனிடம் கணிப்பொறி, அவன் நண்பனிடம் பெட்டி என்றால் முன்னர் இருவரும் சேர்ந்து ஆட வழியில்லை. இப்போது உண்டு. ஆள் குறைந்த விளையாட்டுகளில் எதிராளிக்காகக் காத்துக் கிடக்கும் நேரமும் குறைந்தது. ஆனால் சேர்ந்து ஆடுவது வேறு. ஒரே தராசில் நிறுக்கப்படுவது வேறு. வழக்கு தொடங்குமிடம் இதுதான்.

இயற்பியல் சொல்லும் சாட்சி

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதனை நான் என் பாடத்தின் கண்கொண்டு பார்க்க விரும்புகிறேன்.

மவுஸ் எவ்வாறு இயங்குகிறது? கை எவ்வளவு தூரம் நகர்கிறதோ, பார்வை அவ்வளவு கோணம் திரும்புகிறது. இடப்பெயர்ச்சிக்கு ஏற்ற இடப்பெயர்ச்சி. கையை நிறுத்தினால் பார்வையும் நிற்கும். கைப்பிடியின் குச்சி அப்படியன்று. அதை எவ்வளவு சாய்க்கிறோமோ, அவ்வளவு வேகத்தில் பார்வை சுழல்கிறது. அதாவது குச்சி தீர்மானிப்பது கோணத்தை அன்று, கோணத் திசைவேகத்தை. குறி வந்ததும் குச்சியைச் சரியான கணத்தில் நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். சற்றுப் பிந்தினால் குறி தாண்டிவிடும். முந்தினால் குறி எட்டாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குச்சியை முழுவதும் சாய்த்தால் பார்வை நொடிக்கு 240 பாகை சுழல்வதாக வைத்துக்கொள்வோம். பின்னால் நிற்கும் எதிரியை நோக்கி 180 பாகை திரும்ப முக்கால் நொடி ஆகும். மவுஸ்காரன் மணிக்கட்டை ஒரு வீச்சு வீசினால் அதில் மூன்றில் ஒரு பங்கு நேரமே போதும். எதிரியைக் கண்டு மனிதன் செயல்படவே ஏறத்தாழ கால் நொடி ஆகும் என்னும்போது, மிச்சமாகும் அரை நொடி எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம்முடைய கைப்பேசியோ இன்னும் பாவம். தேய்ப்பதற்கு உள்ள இடம் சில சென்டிமீட்டர்தான். முழுதும் திரும்ப வேண்டுமானால் விரலை எடுத்து எடுத்து இருமுறை, மும்முறை தேய்க்க வேண்டும். மேலும் ஆட்டுவிக்கும் விரலே பார்க்க வேண்டிய திரையை மறைத்துக்கொள்கிறது. கண்ணையும் கையையும் ஒரே சிறிய கண்ணாடிக்குள் அடைத்துவிட்டு, கை நிறைய மவுஸும் பெரிய திரையும் வைத்திருப்பவனோடு மோது என்பது எவ்வகையில் பொருந்தும்?

அடுத்தது படங்களின் எண்ணிக்கை. நொடிக்கு 30 படம் காட்டும் கருவியில் ஒரு படத்திற்கும் மறுபடத்திற்கும் இடைவெளி 33.3 மில்லி நொடி. 60 படம் எனில் 16.7, 120 எனில் 8.3. மலிவான கைப்பேசிக்காரன் எதிரியின் தலையைப் பார்ப்பதற்குள் விலையுயர்ந்த கருவிக்காரன் மூன்று முறை பார்த்துவிடுகிறான். இங்கே கருவியின் வகை மட்டுமன்று, கருவியின் விலையும் களத்தில் இறங்கிவிடுகிறது.

இந்த வேற்றுமையைச் சரிக்கட்ட விளையாட்டு நிறுவனங்கள் ஓர் உபாயம் கண்டன. கைப்பிடியால் ஆடுவோருக்குக் குறி எதிரியின் அருகே வரும்போது குச்சியின் வேகத்தை மென்பொருளே குறைத்து, குறியைச் சற்றுப் பிடித்து நிறுத்தும். இதுவே குறியுதவி. இப்போது வழக்கு தலைகீழாயிற்று! 'எங்கள் கையை நாங்கள் நம்பி ஆடுகிறோம். அவர்களுக்கு இயந்திரம் குறி பார்த்துக் கொடுக்கிறது' என்று மவுஸ்காரர் முறையிட்டனர். அந்த முறையீட்டிலும் பொருள் இருந்தது. நெருங்கி நின்று சுடும் சண்டைகளில் குறியுதவி மவுஸை வெல்லும் என்பதற்காகக் கணிப்பொறி வைத்திருப்போரே கைப்பிடியை வாங்கி மாட்டிக்கொண்டனர். 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' நிறுவனத்தார் 2024 இல் கணிப்பொறிக் களங்களில் அந்த உதவியைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. உதவி கொடுப்பது தவறன்று. ஆனால் எவ்வளவு உதவி என்பதைத் துல்லியமாக அளந்து கொடுப்பது மிகக் கடினம். குறைந்தால் ஒருவனுக்கு அநீதி. கூடினால் மற்றவனுக்கு அநீதி. ஆகவே ஒரே வகைக் கருவியினர் தமக்குள் மோதுவதே பிழையற்ற வழி.

நம் நாட்டு வழக்கு

பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். எங்கள் தெருவில் அதை நான் கண்டதில்லை. ஆகவே கன்சோலா, கணிப்பொறியா என்பது நமக்கு அயல்வீட்டு வழக்கு. நம் வீட்டு வழக்கு கைப்பேசியா, கணிப்பொறியா என்பதே.

2018 இல் 'பப்ஜி மொபைல்' வந்தது. அதைக் கணிப்பொறியில் ஆடும் எமுலேட்டரை டென்சென்ட் நிறுவனமே அவ்வாண்டு வெளியிட்டது. அத்துடன் ஒரு நல்ல காரியத்தையும் செய்தது. எமுலேட்டரில் ஆடுவோரை எமுலேட்டரில் ஆடுவோரோடு மட்டுமே மோதவிட்டது. நால்வர் அணியில் ஒருவன் எமுலேட்டரில் வந்தாலும் அந்த அணி முழுவதும் எமுலேட்டர் களத்திற்கே போகும். இந்த விதியின் அழகைக் கவனியுங்கள். நண்பர்கள் சேர்ந்து ஆடத் தடையில்லை. ஆனால் அதற்குரிய விலையை அவர்களே கொடுக்க வேண்டும். எதிரே வரும் முன்பின் அறியாதவன் கொடுக்கக் கூடாது. 2020 இல் 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' கலந்தாட்டத்தைத் தொடங்கியபோதும் இதே கொள்கையைத்தான் கைக்கொண்டது.

2020 செப்டம்பர் 2 அன்று நடுவண் அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜி மொபைலும் போயிற்று. 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் நம் நாட்டுக்கென 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் அதனைக் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் மறைந்து, 2023 மே மாதம் மீண்டும் வந்தது. அதில் எமுலேட்டருக்கு இடமே இல்லை.

அப்படியானால் வழக்கு முடிந்ததா? இல்லை. கைப்பேசிக்கும் கைப்பேசிக்கும் இடையிலேயே ஏற்றத்தாழ்வு உண்டே! 2020 ஆகஸ்டில் பப்ஜி மொபைலில் நொடிக்கு 90 படம் என்னும் வசதி வந்தபோது, முதல் ஒரு மாதத்திற்கு அது ஒன்பிளஸ் கைப்பேசிகளுக்கு மட்டும் உரியதாக வழங்கப்பட்டது. ஒரே களம், ஒரே பட்டியல், ஒரே பட்டம். ஆனால் குறிப்பிட்ட கைப்பேசியை வாங்கியவனுக்கு மட்டும் கூர்மையான கண். விளம்பரத்திற்கு இது நல்ல உத்தியாக இருக்கலாம். விளையாட்டுக்கு இது நல்ல நீதி ஆகுமா?

மாற்றார் வாதங்கள்

நான் இதைப் பேசத் தொடங்கினால் நண்பர்கள் மூன்று வாதங்களை முன்வைக்கிறார்கள். மூன்றிலும் வலு உண்டு. அதனால்தான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வாதம்: 'திறமை இருந்தால் எந்தக் கருவியிலும் வெல்லலாம்.' உண்மை. கட்டைவிரலாலேயே மவுஸ்காரனை மண்ணைக் கவ்வ வைக்கும் வீரர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சிலர் மேட்டில் ஏறி வென்றார்கள் என்பதால் களம் சமதளம் ஆகிவிடாது. 2009 இல் ரோம் நகரில் நடந்த உலக நீச்சல் போட்டியில் 43 உலகச் சாதனைகள் முறியடிக்கப்பட்டன. வீரர்கள் எல்லோரும் ஓராண்டில் திடீரென்று மீன்களாகிவிட்டனரா? இல்லை, பாலியூரித்தேன் கலந்த நீச்சலுடையே பெருங்காரணம். 2010 முதல் அவ்வுடைகளைத் தடைசெய்தனர். நீந்தியவர்கள் திறமையற்றவர்கள் என்று எவரும் சொல்லவில்லை. எவ்வளவு மனிதன், எவ்வளவு துணி என்று பிரித்தறிய முடியாமற்போயிற்று என்பதே குறை.

இரண்டாவது வாதம்: 'பிரித்துவிட்டால் நண்பர்கள் பிரிந்துவிடுவார்கள், எதிராளி கிடைக்காது.' இதுவும் உண்மை. கருவிக்கு ஒரு வேலி போட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஏழைக் கைப்பேசிக்காரன் தனியாக நிற்பான். ஆகவே நான் கலந்தாட்டத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. பொழுதுபோக்குக்குக் கலந்து ஆடட்டும்; பட்டத்துக்குப் பிரிந்து ஆடட்டும். 'ஓவர்வாட்ச்' விளையாட்டு 2021 இல் கலந்தாட்டத்தைக் கொண்டுவந்தபோது இதைத்தான் செய்தது. பொதுக் களத்தில் எல்லோரையும் சேர்த்தது. தரவரிசைக் களத்தில் கணிப்பொறியையும் கன்சோலையும் தனித்தனியே வைத்தது.

மூன்றாவது வாதம்: 'வெறும் விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா?' வெறும் விளையாட்டு என்ற காலம் போய்விட்டது. 2023 இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்த கையோடு, மின்விளையாட்டைப் போட்டி விளையாட்டாக ஏற்றது. பதக்கமும் பட்டமும் வரும் இடத்தில் நீதியும் வந்தாக வேண்டும்.

நம்மவர்க்கு இது புதிதன்று

நியாயமான போட்டிக்கு விதி வகுப்பதை நாம் எவரிடமும் கற்க வேண்டியதில்லை. எங்கள் ஊரை அடுத்த அவனியாபுரத்தில் தைப்பொங்கலன்று நடக்கும் சல்லிக்கட்டைப் பாருங்கள். காளையை ஒருவர் மட்டுமே அணைய வேண்டும். இருவர் மூவர் சேர்ந்து பிடித்தால் அப்பிடி செல்லாது. ஒலிபெருக்கியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நம் பக்கத்துக் கபடிப் போட்டிகளின் சுவரொட்டிகளில் இத்தனை கிலோவுக்கு உட்பட்டோர் என்று எடைப்பிரிவு போட்டிருப்பார்கள். எடை கூடியவன் கெட்டவன் என்பதற்காகவா? இல்லை. எடை குறைந்தவனின் திறமையும் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக.

எங்கள் தெரு உறியடியைக் கேளுங்கள். எல்லோர் கண்ணையும் ஒரே துண்டால்தான் கட்டுவார்கள். எல்லோர் கையிலும் ஒரே கம்பைத்தான் கொடுப்பார்கள். துண்டு லேசாக இருக்கிறதென்று ஒரு பாட்டி கூச்சல் போட்டால், அவிழ்த்து மீண்டும் கட்டுவார்கள். பாட்டிக்குத் தெரிந்த நீதி, அதே நாளில் அதே தெருவில் மவுஸ் பிடித்த எனக்குத் தெரியாமற் போயிற்று!

மறைத்து ஆடுவதற்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கன்சோலில் மவுஸைச் செருகி, அதைக் கைப்பிடி என்றே பெட்டியை நம்பவைக்கும் சிறு கருவிகள் விற்கின்றன. மவுஸின் வேகமும் கிடைக்கும். கைப்பிடிக்கு உரிய குறியுதவியும் கிடைக்கும். 2023 இல் 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' விளையாட்டில் இத்தகையோரைக் கண்டுபிடித்து, அவர்கள் ஆட்டம் தாமதமாக இயங்கும்படி செய்தனர். இங்கே குற்றம் மவுஸ் அன்று, மறைப்பு. நானும் மறைத்தவன்தானே? எவரும் கேட்கவில்லை என்பது ஒரு சமாதானம் ஆகாது. கேட்கத் தெரியாதவனிடம் சொல்லாமல் விடுவதும் மறைப்புத்தான்.

தேர்வு மண்டபத்திலும் ஒரு மவுஸ்

இச்செய்தி விளையாட்டோடு நிற்கவில்லை என்பதை இவ்வாண்டு உணர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதுஅறிவியல் படிப்புக்கு ஐ.ஐ.டி.களில் சேர 'ஜாம்' என்னும் நுழைவுத் தேர்வு உண்டு. அது கணிப்பொறியில் எழுதும் தேர்வு. கணக்கிடும் கருவியும் திரையிலேயே இருக்கும். அதன் பொத்தான்களை மவுஸால்தான் அழுத்த வேண்டும். மாதிரித் தேர்வில் ஒரு வர்க்கமூலம் காண்பதற்கு என் வகுப்புத் தோழன் ஒருவன் பட்ட பாட்டைக் கண்டேன். அவனுக்குக் கணக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். அவன் வாழ்நாளில் மவுஸைத் தொட்ட மணிநேரம்தான் குறைவு. அவன் வீட்டில் இருந்த ஒரே கருவி கைப்பேசி.

அங்கே ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் எல்லோருக்கும் ஒன்றே. வினாத்தாளும் ஒன்றே. ஆனால் பழகிய கை வேறு, பழகாத கை வேறு. களத்தில் நான் அனுபவித்த சலுகை எத்தகையது என்பது, அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது. 2011 இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியதும், 2025 ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கருவி வழங்குவதாக அறிவித்ததும் சலுகைகள் அல்ல. களத்தைச் சமன் செய்யும் வேலை என்றே நான் கருதுகிறேன். அக்காள் பெற்ற மடிக்கணினியால் எனக்கு மவுஸ் பழகியது. அதை நான் முதலில் பயன்படுத்தியது ஒரு சிறுவனை வீழ்த்துவதற்கு என்பதுதான் வெட்கம்.

என் வேண்டுகோள்

நம் கல்லூரியில் துறை விழாக்களின்போது கைப்பேசி விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. நடத்தும் நண்பர்களுக்கு நான்கு சொற்கள்.

ஒன்று: பெயர் கொடுக்கும்போதே எந்தக் கருவி என்பதையும் எழுதி வாங்குங்கள். அப்பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள்.

இரண்டு: கருவி எந்த நிறுவனத்துடையது என்று பார்க்காமல், எதனால் குறி பார்க்கிறார்கள் என்று பார்த்துப் பிரியுங்கள். விரல் ஒரு பிரிவு. மவுஸ் ஒரு பிரிவு. கைப்பிடி ஒரு பிரிவு.

மூன்று: விரல் பிரிவிலும் எல்லோர் கைப்பேசிக்கும் எட்டும் ஒரே அளவில் படங்களின் எண்ணிக்கையை வைக்கச் சொல்லுங்கள். 120 வைத்திருப்பவன் 60க்கு இறங்கலாம். 60 வைத்திருப்பவன் 120க்கு ஏற முடியாது. ஆகவே இறங்க முடிந்தவன்தான் இறங்க வேண்டும்.

நான்கு: பரிசில்லாத ஒரு கலந்தாட்டத்தையும் நடத்துங்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொண்டு வரட்டும். எதிரில் இருப்பவன் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே மோதுவதும் ஓர் இன்பம்தான்.

இவற்றுக்குப் பணம் வேண்டாம். ஒரு தாளும் ஒரு பேனாவும் சற்று மனமும் போதும்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கியவர். அங்கே சான்றோருக்கு அவர் உவமையாகக் காட்டுவது தராசை. என் தந்தையார் தள்ளுவண்டியில் வெங்காயம் விற்பவர். அவர் வைத்திருப்பது மின்தராசு. வெங்காயத்தைத் தட்டில் போடுமுன் அவரிடம் வாங்க வரும் தாய்மார்கள் முதலில் பார்ப்பது எதைத் தெரியுமா? காலித் தட்டில் சுழி காட்டுகிறதா என்பதை. சுழி காட்டாத தராசில் எவ்வளவு நல்ல வெங்காயத்தை நிறுத்தாலும் அவர்கள் வாங்கமாட்டார்கள். போட்டி என்பதும் மனிதத் திறமையை நிறுக்கும் தராசே. முதலில் சுழி காட்டட்டும். பிறகு எடை பார்ப்போம்.

முடிக்குமுன் ஒரு செய்தி. அந்தத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தம்பியிடம் போனேன். நடந்ததைச் சொல்லி, இது உனக்கு உரியது என்றேன். அவன் வாங்கவில்லை. "வேணாம்ணே, அடுத்த பொங்கலுக்கு வெளையாடியே செயிச்சுக்கிறேன்" என்றான்.

இவ்வாண்டுப் பொங்கலுக்கு மேற்சொன்ன விதிகளை எங்கள் தெருவில் நடைமுறைப்படுத்தினோம். எல்லோரும் கைப்பேசி, எல்லோருக்கும் ஒரே அளவு படம். தம்பி அரையிறுதிவரை வந்து தோற்றான். எப்படித் தோற்றோம் என்று விளக்கிக்கொண்டே மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனான். நான் முதற்சுற்றிலேயே வெளியேறினேன்.

என் கட்டைவிரலின் உண்மையான எடை எவ்வளவு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.